338 வார்த்தை... 101 நிமிஷம்! பிடிச்ச பிக்சர் புக் சினிமாவா வருதா? எதை எதிர்பார்க்கலாம், எதைக் கவனிக்கணும்?

போனை ஸ்க்ரோல் பண்ணிக்கொண்டே இருக்கிறீர்கள். திடீரென ஒரு டீசர். சின்ன வயதில் ஓரம் கிழியக் கிழியப் புரட்டிய படக்கதைப் புத்தகம் சினிமாவாக வருகிறதாம். முதல் பத்து நொடி சந்தோஷம். பதினோராவது நொடியில் ஒரு பயம் எட்டிப்பார்க்கும்... 'ஐயோ, கெடுத்துடுவாங்களோ?'

இந்தப் பயம் நியாயமானதுதான். நாவல் படமாகும்போது வருகிற பயத்தைவிட, பிக்சர் புக் படமாகும்போது வருகிற பயம் கொஞ்சம் வேற மாதிரி. ஏன் அப்படி? ஒரு குட்டிப் புத்தகம் ஒன்றரை மணி நேரப் படமாக மாறும்போது உள்ளே என்ன நடக்கிறது? டீசர் வந்தவுடனே எதையெல்லாம் கவனிக்கலாம்? 46 வருடம் காத்திருந்து திரைக்கு வந்த ஒரு புத்தகத்தின் கதையை வைத்தே இதைப் பார்த்துவிடலாம்.

நாவல்னா வெட்டணும்... பிக்சர் புக்னா சேர்க்கணும்!

500 பக்க நாவலைப் படமாக்குகிறவருக்கு ஒரே தலைவலிதான்: எதை வெட்டுவது? 'என் ஃபேவரைட் சீனைக் காணோமே' என்று ரசிகர்கள் புலம்புவது அதனால்தான்.

பிக்சர் புக் கதையே தலைகீழ். பெரும்பாலான படக்கதைப் புத்தகங்கள் 32 பக்கம்தான் இருக்கும். பெரிய தாளை அச்சடித்து மடித்து வெட்டும்போது 8, 16, 32 என்ற கணக்கில்தான் பக்கங்கள் விழும். அந்தக் கணக்குக்குள் கதை முடிய வேண்டும். அதிலும் பாதி வேலையைப் படம் செய்துவிடும். எழுத்து சில நூறு வார்த்தைகளைத் தாண்டாது. சத்தமாக வாசித்தால்கூட ஐந்தாறு நிமிடம்தான்.

தியேட்டர் படத்துக்கோ குறைந்தது 80 நிமிடமாவது வேண்டும். ஆக, இயக்குநருக்கு வெட்ட ஒன்றுமில்லை. மீதி 75 நிமிடத்துக்கு அவர் சொந்தமாகச் சேர்க்க வேண்டும். புதுக் கதாபாத்திரம், புது வில்லன், ஃப்ளாஷ்பேக், துரத்தல் என்று எதையாவது போட்டு நிரப்ப வேண்டும்.

இங்கேதான் சிக்கல். புத்தகத்தில் காலியாக விட்ட இடம் உண்மையில் காலி இடம் கிடையாது. 'அந்தக் காட்டுக்குள்ள இன்னும் என்ன இருக்கும்?', 'அவன் ஏன் அழலை?' என்று குழந்தை தானே யோசித்து நிரப்புகிற இடம் அது. நீங்களும் ஐந்து வயதில் அதை உங்கள் கற்பனையால் நிரப்பி வைத்திருப்பீர்கள். அந்த இடத்தில் வேறு ஒருவர் வந்து உட்காரப் போகிறார் என்பதுதான் பதினோராவது நொடிப் பயம்.

குதிரை வரையத் தெரியாததால் பிறந்த புத்தகம்!

அமெரிக்காவில் 1963-ல் வெளியானது, 'வேர் தி வைல்ட் திங்ஸ் ஆர்'. எழுதி, வரைந்தவர் மாரிஸ் செண்டாக். 1928-ல் நியூயார்க்கின் புரூக்ளினில், போலந்திலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதில் அடிக்கடி உடம்புக்கு முடியாமல் படுக்கையில் கிடந்த பையன்.

கதை ரொம்ப சிம்பிள். ஓநாய் உடை போட்டுக்கொண்டு வீட்டில் அட்டகாசம் பண்ணுகிறான் மேக்ஸ். அம்மா திட்டுகிறாள், அவன் எதிர்த்துப் பேசுகிறான். 'ராத்திரி சாப்பாடு கிடையாது, போய்ப் படு' என்று அறைக்கு அனுப்பிவிடுகிறாள். அந்த அறைக்குள்ளேயே ஒரு காடு முளைக்கிறது. படகு வருகிறது. கடல் தாண்டிப் போனால் பல்லும் நகமுமாகப் பயங்கர ஜந்துக்கள். அவற்றை முறைத்தே அடக்கி, ராஜாவாகி, ஆட்டம் போட்டுவிட்டு, வீட்டு நினைப்பு வந்து திரும்புகிறான். அறையில் அவனுக்கான சாப்பாடு ஆறாமல் காத்திருக்கிறது. அவ்வளவுதான். மொத்தம் 338 வார்த்தைகள்!

முதலில் இதைக் காட்டுக் குதிரைகளைப் பற்றிய கதையாகத்தான் செண்டாக் யோசித்திருந்தார். ஆனால், அவருக்குக் குதிரை சரியாக வரைய வரவில்லை! ஹார்ப்பர் பதிப்பகத்தில் அவருடைய எடிட்டராக இருந்தவர் உர்சுலா நார்ட்ஸ்ட்ரோம். வேறு என்ன வரையலாம் என்று தேடியபோதுதான் இந்த 'வைல்ட் திங்ஸ்' பிறந்தன. வீட்டில் லூட்டி அடிக்கும் பிள்ளையை நம்மூர் அம்மாக்கள் 'வானரம்' என்று திட்டுவார்கள் இல்லையா? அப்படி யித்திஷ் மொழியில் 'காட்டு மிருகம்' என்று பொருள் வரும் ஒரு வசவு உண்டு. அதுவும் இந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கிறது.

அப்போ அந்த ஜந்துக்களின் முகம்? ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களின் முகமாம்! கன்னத்தைக் கிள்ளி, 'அப்படியே கடிச்சுத் தின்னுடலாம்போல இருக்கு' என்று கொஞ்சும் அத்தை, மாமாக்கள். பெரியவர்கள் சிரிக்கிறார்கள். குழந்தைக்கு மட்டும் அந்தப் பல் பயமாகத் தெரிகிறது.

இப்போது ஒரு முக்கியமான விஷயம். புத்தகம் கையில் கிடைத்தால் படங்களின் சைஸைப் பாருங்கள். முதல் பக்கத்தில் சுற்றிலும் வெள்ளை இடம் விட்டு, நடுவே சின்னதாக ஒரு படம். மேக்ஸின் கோபமும் கற்பனையும் வளர வளர, படமும் பக்கத்துக்குப் பக்கம் பெரிதாகிக்கொண்டே போகும். அவன் ராஜாவாகி ஆட்டம் போடும் இடத்தில், தொடர்ந்து மூன்று இரட்டைப் பக்கங்களுக்கு ஒரு எழுத்துகூட இல்லை, படம் மட்டும்தான். வீடு திரும்பும்போது படம் மறுபடி சுருங்கும். கடைசிப் பக்கத்திலோ படமே இல்லை, எழுத்து மட்டும்.

இன்னொன்று, இந்தப் புத்தகத்தில் அம்மாவை ஒரு படத்தில்கூடப் பார்க்க முடியாது. அவள் குரல் மட்டும் வருகிறது. கடைசியில் அவள் வைத்த சாப்பாடு இருக்கிறது. 'அம்மா மன்னிச்சுட்டாளா?' என்ற கேள்விக்கு அந்தச் சூடான சாப்பாடுதான் பதில். பதிப்பகத்தில், 'சூடாக' என்பதற்குப் பதில் 'வெதுவெதுப்பாக' என்று மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். செண்டாக் மாட்டேன் என்று நின்றார். ஒரே ஒரு வார்த்தைக்குச் சண்டை போட்ட மனிதரின் புத்தகத்தைப் படமாக்குவது என்றால் சும்மாவா?

புத்தகம் வந்தபோதும் எல்லோரும் கொண்டாடிவிடவில்லை. 'குழந்தைகள் பயந்துடுவாங்க' என்று பெரியவர்கள் பலர் பதறினார்கள். மனநல நிபுணர் புரூனோ பெட்டல்ஹைம் ஒரு பெண்கள் பத்திரிகையில், சாப்பாடு போடாமல் தண்டிக்கும் அம்மா என்பதே குழந்தைக்குப் பெரிய பயம் என்று விமர்சித்தார். இத்தனைக்கும் அவர் அந்தப் புத்தகத்தையே வாசித்திருக்கவில்லை! குழந்தைகளோ திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிப் படித்தார்கள். 1964-ல், அமெரிக்காவில் வெளியாகும் பிக்சர் புக் ஓவியங்களுக்கான பெரிய விருதான 'கால்டிகாட் மெடல்' இதற்குக் கிடைத்தது.

46 வருஷம்... எத்தனை முயற்சி!

இப்படி ஒரு ஹிட் புத்தகத்தைச் சினிமா சும்மா விடுமா? 1970-களில் ஜீன் டெய்ச் இதைச் சில நிமிடங்களே ஓடும் அனிமேஷன் குறும்படமாக எடுத்தார். பிறகு ஆலிவர் நசன் இசையில் ஓப்ராவாக மாறி, 1980-ல் பிரஸ்ஸல்ஸில் முதன்முதலாக மேடையேறியது. அதற்கு எழுத்து செண்டாக்கேதான். புத்தகத்தில் பெயரே இல்லாத ஜந்துக்களுக்கு அதில் பெயரும் வைத்தார்.

1983-ல் டிஸ்னியில் ஒரு சோதனை நடந்தது. கையால் வரைந்த மேக்ஸ், கம்ப்யூட்டரில் உருவாக்கிய வீட்டுக்குள் ஓடுகிற ஒரு குட்டிக் காட்சி. செய்தவர்கள் க்ளென் கீனும் ஜான் லாஸட்டரும். ஆமாம், 1995-ல் 'டாய் ஸ்டோரி' எடுத்த அதே லாஸட்டர்! ஆனால், அது சோதனையோடு நின்றுவிட்டது. பிறகு யுனிவர்சல் நிறுவனம் முழு அனிமேஷன் படமாக எடுக்கத் திட்டமிட்டு, 2000-ல் டீசர்கூட விட்டது. அந்தப் படமும் வரவில்லை. டீசர் வந்துவிட்டாலே படம் வந்துவிடும் என்று நம்ப முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

கடைசியில் புத்தகம் இயக்குநர் ஸ்பைக் ஜோன்ஸிடம் வந்தது. அவரும் செண்டாக்கும் ஏற்கெனவே பழகியவர்கள். 90-களில் 'ஹெரால்ட் அண்ட் தி பர்ப்பிள் க்ரேயான்' என்ற இன்னொரு பிக்சர் புக்கைப் படமாக்க இருவரும் முயன்று, அது நடக்காமல் போயிருந்தது. 'வைல்ட் திங்ஸ்' வாய்ப்பு வந்தபோது ஜோன்ஸ் உடனே தலையாட்டவில்லை. இவ்வளவு கச்சிதமான புத்தகத்தில் நாம் என்னத்தைச் சேர்ப்பது என்று பல காலம் தயங்கினார். 'அந்த ஜந்துக்கள் எல்லாமே ஒரு குழந்தைக்குள் இருக்கும் அடங்காத உணர்ச்சிகள்' என்று பிடிபட்ட பிறகுதான் ஒப்புக்கொண்டார். 'என் புத்தகத்தை அப்படியே காப்பி அடிக்காதே, உன் படமாக எடு' என்பதுதான் செண்டாக்கின் நிலைப்பாடு. படத்தின் தயாரிப்பாளர்களில் அவரும் ஒருவர்.

எழுத்தாளர் டேவ் எக்கர்ஸுடன் சேர்ந்து ஜோன்ஸ் திரைக்கதை எழுதினார். 2006-ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலக் கடற்கரையிலும் காடுகளிலும் ஷூட்டிங். மேக்ஸாக நடித்த பையன் பெயரும் மேக்ஸ்தான்... மேக்ஸ் ரெக்கார்ட்ஸ். ஜந்துக்களை முழுக்க கம்ப்யூட்டரில் உருவாக்கவில்லை. ஜிம் ஹென்சன் நிறுவனம் செய்த ராட்சத உடைகளுக்குள் நிஜ மனிதர்கள் நடித்தார்கள். முக பாவனைகளை மட்டும் பிறகு கம்ப்யூட்டரில் சேர்த்தார்கள். 'பையன் கட்டிப்பிடிச்சா, அங்க நிஜமாவே ஒரு உடம்பு இருக்கணும்' என்ற கணக்கு.

படத்தைப் போட்டுப் பார்த்த வார்னர் பிரதர்ஸுக்குக் கலக்கம். குடும்பப் படம் என்று எதிர்பார்த்தால், இது சோகமாகவும் கோபமாகவும் இருக்கிறதே! 2008-ல் வரவேண்டிய படம் தள்ளிப்போனது. படத்தையே வேறு மாதிரி மாற்றிவிடுவார்கள் என்று இணையத்தில் ரசிகர்கள் கொதித்தார்கள். 2009 மார்ச்சில், ஆர்கேட் ஃபயர் குழுவின் 'வேக் அப்' பாட்டோடு டிரெய்லர் வந்தது. புத்தகத்தைப் படித்து வளர்ந்து, இப்போது 20, 30 வயதைத் தொட்டிருந்தவர்கள் டிரெய்லரைப் பார்த்தே கண்கலங்கினார்கள். 2009 அக்டோபர் 16 அன்று படம் அமெரிக்காவில் ரிலீஸ்!

சரி, படம் என்னத்தைச் சேர்த்தது?

101 நிமிடப் படம். முதல் மாற்றம் வீட்டிலேயே தொடங்குகிறது. புத்தகத்தில் முகமே காட்டாத அம்மா, இங்கே கேத்தரின் கீனர். கணவரைப் பிரிந்து, வேலை டென்ஷனோடு இரண்டு பிள்ளைகளை வளர்ப்பவர். மேக்ஸுக்கு ஓர் அக்கா. அவன் ஆசையாகக் கட்டிய பனிக்குகையை அக்காவின் நண்பர்கள் விளையாட்டாக உடைத்துவிட, அக்கா கண்டுகொள்ளாமல் போய்விடுகிறாள். புத்தகத்தில் காரணம் சொல்லாத கோபத்துக்குப் படம் காரணம் சொல்கிறது.

இரண்டாவது மாற்றம், அறைக்குள் காடு முளைக்கவில்லை. அம்மாவோடு சண்டை போட்டு, அவளைக் கடித்துவிட்டு, வீட்டை விட்டே ஓடுகிறான். படகைத் தெருவைத் தாண்டித்தான் கண்டுபிடிக்கிறான். செண்டாக்குக்கு முதலில் உறுத்தியதும் இந்த இடம்தான். ஜோன்ஸ் தன் பக்கத்தை எடுத்துச் சொல்லி அவரைச் சமாதானப்படுத்தினார்.

மூன்றாவது, ஜந்துக்களுக்குப் பெயரும் குணமும் வந்துவிட்டன. அவற்றில் முக்கியமானவன் கேரல். குரல், 'தி சோப்ரானோஸ்' புகழ் ஜேம்ஸ் கண்டோல்ஃபினி. பாசக்காரன். ஆனால், கோபம் வந்தால் கட்டிய வீட்டையே உடைப்பான். ஓரிடத்தில் நண்பனின் கையையே பிய்த்துவிடுகிறான். ரத்தம் வராமல் மணல் கொட்டுகிறது. மேக்ஸ் தன்னுடைய கோபத்தையே எதிரில் நிறுத்திப் பார்க்கிறான். அதைச் சமாளிக்கிற அம்மாவின் இடத்தில் முதன்முறையாகத் தானே நிற்கிறான்.

கடைசிக் காட்சியில் அம்மா அவனுக்குச் சாப்பாடு வைத்து, எதிரில் உட்கார்ந்து அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே, அசதியில் தூங்கிப்போகிறாள். புத்தகம் அம்மாவைக் காட்டாமல் சொன்னதை, படம் அம்மாவைக் காட்டிச் சொல்லியிருக்கிறது. இடம் மாறியிருக்கிறது, விஷயம் மாறவில்லை.

ரிசல்ட்? முதல் வார இறுதியில் அமெரிக்க பாக்ஸ் ஆபீஸில் முதலிடம். ஆனால், ஏறத்தாழ 10 கோடி டாலர் செலவான படம், உலகம் முழுக்க ஏறத்தாழ அதே அளவுதான் வசூலித்தது. தியேட்டர்களுக்குப் போகும் பங்கைக் கழித்தால் இது லாபக் கணக்கு இல்லை. விமர்சகர்கள் பலர் பாராட்டினார்கள். 'இது குழந்தைகளைப் பற்றிய படம், குழந்தைகளுக்கான படமா?' என்று சில பெற்றோர் கேட்டார்கள். பயப்படும் பெற்றோர் பற்றிக் கேட்டபோது, 81 வயது செண்டாக் அச்சில் ஏற்றத் தயங்கும் அளவுக்குக் காட்டமாகவே பதில் சொன்னார்! 1963-ல் புத்தகத்துக்கு வந்த அதே கேள்வி, 2009-ல் படத்துக்கும் வந்தது என்பதுதான் சுவாரஸ்யம்.

மத்தவங்க எப்படி நிரப்பினாங்க?

இந்த 'நிரப்புகிற வேலை'யை ஒவ்வொரு படமும் ஒவ்வொரு விதமாகச் செய்திருக்கிறது. உங்கள் வாட்ச்லிஸ்ட்டுக்கும் இது உதவும்.

ஜுமான்ஜி: கிறிஸ் வான் ஆல்ஸ்பர்க்கின் 1981 புத்தகத்தில், ஜூடி, பீட்டர் என்ற இரண்டு குழந்தைகள் ஒரு மதியம் விளையாடி முடித்துவிடுவார்கள். 1995 படத்தில் ராபின் வில்லியம்ஸ் நடித்த ஆலன், விளையாட்டுக்குள்ளேயே 26 வருடம் சிக்கிக்கொண்ட மனிதர். அவர் புத்தகத்தில் கிடையாது. விளையாட்டு ஐடியாவை வைத்துக்கொண்டு, 'தொலைந்துபோன குழந்தைப் பருவம்' என்ற புதுக் கதையைச் சேர்த்தார்கள். க்ளிக் ஆனது!

தி போலார் எக்ஸ்பிரஸ்: அதே ஆசிரியரின் 1985 புத்தகம். 2004-ல் ராபர்ட் ஜெமெக்கிஸ் இயக்க, டாம் ஹாங்ஸ் பல வேடங்களில் நடித்தார். நடிகர்களின் அசைவுகளைப் பதிவுசெய்து அனிமேஷனாக்கினார்கள். உறைந்த ஏரியில் வழுக்கும் ரயில், பறந்துபோகும் டிக்கெட் என்று ஆக்‌ஷன் கூடியது. ஆனால், கதாபாத்திரங்களின் கண்களில் உயிரில்லை என்ற புகார் இன்றுவரை தொடர்கிறது. புத்தகத்தின் அழகே மங்கலான, அமைதியான ஓவியங்கள்தான் என்பதால் அந்தக் குறை கூடுதலாகவே தெரிந்தது.

ஷ்ரெக்: ஆமாம், இதுவும் பிக்சர் புக்தான்! வில்லியம் ஸ்டைக் 80 வயதைத் தாண்டிய பிறகு, 1990-ல் வந்த புத்தகம். பெற்றோரே வீட்டை விட்டுத் துரத்திவிட்ட அசிங்கமான ஷ்ரெக், தன்னைவிட அசிங்கமான இளவரசியைக் கண்டுபிடித்துக் கல்யாணம் பண்ணிக்கொள்கிறான். அவ்வளவுதான் கதை. 2001 படம் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் மாற்றியது. ஆனால், 'அழகாக மாற வேண்டிய அவசியமே இல்லை' என்ற மையத்தைத் தொடவில்லை. சிறந்த அனிமேஷன் படத்துக்கான முதல் ஆஸ்கர் இதற்குத்தான்.

க்ரிஞ்ச்: டாக்டர் சூஸின் 1957 புத்தகம். 1966-ல் சக் ஜோன்ஸ் அரை மணி நேரத்துக்கும் குறைவான டி.வி அனிமேஷனாக எடுத்தபோது, சில பாடல்களைச் சேர்த்தாலே போதுமாக இருந்தது. 2000-ல் ஜிம் கேரி நடித்த முழுநீளப் படத்துக்கு அது போதவில்லை. பள்ளியில் கிண்டலடிக்கப்பட்ட சிறுவன் என்று க்ரிஞ்சுக்கு ஒரு ஃப்ளாஷ்பேக் தேவைப்பட்டது. நீளம் கூடினால் ஃப்ளாஷ்பேக் வரும்... இது கிட்டத்தட்ட விதி.

தி கேட் இன் தி ஹாட்: இதுவும் சூஸ், இதுவும் 1957. வெறும் 236 வெவ்வேறு வார்த்தைகளை வைத்து எழுதிய புத்தகம். 2003-ல் மைக் மையர்ஸ் நடித்த படம், பெரியவர்களுக்கான இரட்டை அர்த்த ஜோக்குகளால் நிரப்பப்பட்டது. விமர்சகர்கள் கிழித்துவிட்டார்கள். சூஸின் மனைவி ஆட்ரி கைசல், இனி இந்தப் புத்தகங்களை நிஜ நடிகர்களை வைத்து எடுக்க அனுமதி இல்லை என்று முடிவெடுத்தார். அதன் பிறகு வந்த 'ஹார்ட்டன்', 'தி லோராக்ஸ்', புது 'க்ரிஞ்ச்' எல்லாமே அனிமேஷன். இப்போது வார்னர் பிரதர்ஸ் அறிவித்திருக்கும் புதிய 'கேட் இன் தி ஹாட்' படமும் அனிமேஷன்தான். பூனைக்குக் குரல் பில் ஹேடர்.

தி ஸ்னோமேன்: ரேமண்ட் பிரிக்ஸின் 1978 புத்தகத்தில் வார்த்தையே கிடையாது. 1982-ல் பிரிட்டனின் சேனல் 4-ல் வந்த அனிமேஷன் 26 நிமிடம்தான். அதிலும் கதாபாத்திரங்கள் பேசுவதில்லை. இசையும் ஒரே ஒரு பாட்டும்தான். புத்தகத்தில் இல்லாத கிறிஸ்துமஸ் தாத்தாவைச் சேர்த்தார்கள். ஆனால், பனிமனிதன் காலையில் உருகிப்போகும் முடிவை மாற்றவில்லை. குழந்தைகளுக்கு சோகம் தாங்காது என்று சந்தோஷ முடிவு வைத்திருந்தால், இத்தனை வருடம் அதை யாரும் திரும்பத் திரும்பப் பார்த்திருக்க மாட்டார்கள்.

டீசர் வந்தாச்சா? இந்த 6 விஷயத்தைக் கவனிங்க!

1. எவ்வளவு நீளம்? அரை மணி நேர டி.வி ஸ்பெஷல் என்றால் புத்தகத்துக்கு நெருக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம். 90 நிமிடத்தைத் தாண்டினால், பாதிக்கு மேல் புதுக் கதை என்று மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

2. யாரைப் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள்? டீசரில் புத்தகத்தில் இல்லாத முகம் யார் என்று பாருங்கள். அந்த ஆள் குழந்தையின் உணர்வைப் புரியவைக்க வந்தவரா, துரத்தல் காட்சிக்காக வந்த வில்லனா? பாதிப் படத்தை இதிலேயே கணித்துவிடலாம்.

3. கதை யார் கண்ணில் நடக்கிறது? பிக்சர் புக் எப்போதும் குழந்தையின் உயரத்திலிருந்து உலகத்தைப் பார்க்கும். படத்தில் கதை பெரியவர்களின் பிரச்னையாக மாறிவிட்டால் உஷார். 2024-ல் வந்த 'ஹெரால்ட்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1955 புத்தகத்தில் ஊதா க்ரேயானோடு திரியும் குட்டிப் பையன், படத்தில் நிஜ உலகத்துக்கு வரும் வளர்ந்த ஆள்!

4. எழுதியவரோ, அவரின் குடும்பமோ கூட இருக்கிறார்களா? இருந்தால் படம் நன்றாக வரும் என்று கேரன்டி இல்லை. ஆனால், எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று தெரிந்த ஒருவர் அறையில் இருப்பது நல்லது.

5. அமைதிக்கு இடம் இருக்கிறதா? நல்ல பிக்சர் புக்கில் வார்த்தை இல்லாத பக்கங்கள் உண்டு. அதில் மூன்று நொடி நிற்பதா, அரை மணி நேரம் நிற்பதா என்பது குழந்தையின் இஷ்டம். சினிமாவில் அந்த உரிமை இயக்குநரிடம் போய்விடும். டீசர் முழுக்க ஜோக்கும் பாட்டும் மட்டுமே என்றால், அந்த அமைதி காணாமல் போயிருக்கலாம்.

6. புத்தகத்தின் சங்கடமான விஷயம் உள்ளே இருக்கிறதா? மேக்ஸின் கோபம், ஷ்ரெக்கின் அசிங்கம், பனிமனிதன் உருகுவது... பெரியவர்களுக்கு நெருடும் இடம்தான் பெரும்பாலும் குழந்தைகளுக்குப் பிடித்த இடம். அதை மழுப்பிவிட்டால், ஓவியம் அச்சு அசலாக இருந்தும் பிரயோஜனம் இல்லை.

வாண்டுகளோட படத்துக்குப் போறீங்களா?

வீட்டில் தம்பி, தங்கை, அக்கா பிள்ளைகள் இருக்கிறார்களா? அப்படியென்றால் ஒரே ஒரு ரிக்வெஸ்ட். படத்துக்கு முன்னால் புத்தகத்தை ஒரு முறையாவது வாசித்துக் காட்டிவிடுங்கள். படத்தை முதலில் பார்த்துவிட்டால், அப்புறம் புத்தகத்தைத் திறக்கும்போது மனதில் ஓடுவது நடிகர்களின் முகமும் குரலும்தான். அந்தக் காலி இடத்தைத் தன் கற்பனையால் நிரப்புகிற முதல் வாய்ப்பு போனால் போனதுதான்.

வாசிக்கும்போது அவசரப்பட்டுப் பக்கத்தைத் திருப்ப வேண்டாம். குழந்தையே திருப்பட்டும். 'அடுத்து என்ன ஆகும்?', 'இந்த ஜந்துவுக்கு என்ன பேர் வைக்கலாம்?' என்று கேட்டுப் பாருங்கள். முடிந்தால் அவர்களையே ஒன்றை வரையச் சொல்லுங்கள்.

சென்சார் ரேட்டிங்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிக்சர் புக்கிலிருந்து வந்ததாலேயே அது நான்கு வயதுக் குழந்தைக்கான படம் ஆகிவிடாது. 'வைல்ட் திங்ஸ்' படத்துக்கு அமெரிக்காவில் 'பி.ஜி' ரேட்டிங், அதாவது பெற்றோர் யோசித்துக் கூட்டிப்போக வேண்டிய படம். படத்தில் பயந்துவிட்டால், 'இதுக்கெல்லாமா பயப்படுவ?' என்று கிண்டலடிக்காமல், எந்த இடம் பயமாக இருந்தது என்று கேளுங்கள். கோபமும் பயமும் குழந்தைக்கும் வரும், அது அடங்கவும் செய்யும் என்பதைத்தான் செண்டாக்கின் புத்தகமும் சொல்கிறது.

படம் முடிந்து வெளியே வரும்போது, 'புத்தகத்துல இருந்த மாதிரி இருந்துச்சா?' என்று கேட்பதைவிட, 'நீ எடுத்திருந்தா என்ன சேர்த்திருப்ப?' என்று கேட்டுப் பாருங்கள். தியேட்டரிலிருந்து வீடு வரும்வரை வாய் ஓயாது, கேரன்டி!

செண்டாக் 2012 மே மாதம், 83 வயதில் காலமானார். ஜோன்ஸ் எடுத்த படம் பிடித்தவர்களும் உண்டு, பிடிக்காதவர்களும் உண்டு. ஆனால், அந்தப் படத்தால் புத்தகத்தில் ஒரு வார்த்தைகூட மாறவில்லை. அதே 338 வார்த்தைகளோடு இன்றும் அச்சில் இருக்கிறது. அதனால், அடுத்த டீசரைப் பார்த்து 'கெடுத்துடுவாங்களோ' என்று டென்ஷன் ஆகாதீர்கள். முதலில் அந்தப் பழைய புத்தகத்தைத் தேடி எடுத்து, ஐந்து நிமிடம் ஒதுக்கி, முழுசாக ஒருமுறை படித்துவிடுங்கள். ஐந்து வயதில் அந்தக் காலி இடத்தில் நீங்கள் என்னத்தைப் போட்டு வைத்திருந்தீர்கள் என்று ஞாபகம் வருகிறதா?